அத்தானுக்காக வந்த வட்டம்

"இதுக்கு விளக்கமே கிடையாது" என்று யாராவது சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிடும். விளக்கம் தேட உடம்பு வளையாதவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். தையற்கடையில் காலம் தள்ளுகிறவளுக்கு இந்தப் புத்தி தானாக வந்துவிடும். சட்டை தானாகச் சுருங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களின் வயிற்றைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அக்கா எனக்கு வைத்திருக்கும் பெயர் "சந்தேகப் பிராணி." அப்படிச் சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. கடை எங்கள் இருவருடையது. வெட்டுவது அவள், தைப்பது நான்.

அதனால்தான் ஒருநாள் காலையில் அக்கா போன் செய்து, அத்தானின் கோதுமை வயலில் பெரிய வட்டம் ஒன்று விழுந்திருக்கிறது, ராத்திரியோடு ராத்திரியாக வந்திருக்கிறது என்று சொன்னதும், "எவன் செஞ்ச வேலை?" என்று கேட்டேன்.

அக்கா பேச்சை மாற்றினாள். "அவர் எழுந்து நடந்து போய்ப் பாத்தார்டி" என்றாள். அழுதுகொண்டே போனை வைத்துவிட்டாள்.

அத்தான் எழுந்து நடந்தார் என்பது எங்கள் வீட்டில் சின்னச் செய்தி இல்லை. குளிர்காலத்தில் மனிதர் டிராக்டர் மேலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இதயத்தில் ஒரு வால்வு பழுதாகிவிட்டது, திறந்து மாற்றியே ஆக வேண்டும், கொஞ்சம் உடம்பு தேறியதும் தேதி தருகிறோம் என்று அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தவர் சோபாவில் சுவரைப் பார்த்துப் படுத்தார். படுத்தவர் படுத்தவர்தான். தேறுவதற்குத்தான் அனுப்பினார்கள், அவரோ தேறுவதற்கே மனமில்லாமல் கிடந்தார். கூலிக்கு ஆள் வைத்து வயலுக்கு மருந்தடித்தார்கள், அதைக்கூட அவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. டிவியில் வானம், கிரகம், வேற்றுலகவாசி, அவர்கள் வயலில் போட்டுவிட்டுப் போவதாகச் சொல்லும் வட்டம் என்று ஏதாவது ஓடினால் மட்டும் தலையைத் திருப்புவார். முன்பெல்லாம் அதைச் சொல்லி அவரை நான் ஓட்டு ஓட்டென்று ஓட்டுவேன். இப்போது அந்தத் தலை திரும்பினாலே போதும் என்று அக்கா ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

கடையைப் பூட்டிவிட்டு அன்றைக்கே போனேன். வரப்போரம் நாற்காலி போட்டு அத்தான் உட்கார்ந்திருந்தார். தாடியை மழித்திருந்தார். என்னைப் பார்த்ததும் பல மாதம் கழித்து முதல் தடவையாகச் சிரித்து, "வா, சந்தேகம் வந்தாச்சா?" என்றார். உண்மையைச் சொன்னால், வட்டத்தைப் போட்டது எந்தப் பிசாசாக இருந்தாலும் அதன் காலில் விழலாம் என்று அந்த நிமிடத்தில் தோன்றியது.

அந்த நினைப்பு வெகுநேரம் நீடிக்கவில்லை. வட்டத்துக்குள் கூட்டிப்போய்க் காட்டினார். இடுப்பளவு பயிருக்கு நடுவே கோதுமை ஒரே பக்கமாகச் சுழன்று படுத்திருந்தது. ஒரு பயிர்த்தாள்கூட ஒடியவில்லை பார், வளைந்துதான் இருக்கிறது பார் என்றார். பச்சை வாடாத தாளை அழுத்தினால் வளையத்தான் செய்யும், ஒடிவதற்கு அது என்ன விறகா என்று கேட்டேன். காலடித் தடம் எங்கே என்றார். மருந்தடிக்கும் டிராக்டரின் சக்கரத் தடம் வயலுக்குள் நீளவாக்கில் போகிறது, அதன் மேலேயே நடந்து வந்தால் எந்தத் தடம் தெரியும் என்றேன். அவர் கோபப்படவில்லை. பாவம், இவளுக்குக் கொடுத்துவைத்தது அவ்வளவுதான் என்கிற மாதிரி என் தோளைத் தட்டினார்.

அப்புறம்தான் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டார். "ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிடப் போறேன். இது எனக்காக வந்திருக்கு. உள்ள உக்காந்தா மூச்சு லேசா இருக்கு."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா தரையைப் பார்த்தாள்.

அவர் காலைப் பார்த்தேன். செருப்பின் வார் பாதத்தில் பதிந்து, இரண்டு பக்கமும் சதை புடைத்துக்கொண்டு நின்றது. கால் வீங்கினால் உடனே கூட்டி வாருங்கள், அதற்குமேல் தள்ளிப்போட்டால் எங்கள் கையில் இல்லை என்று டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். மனிதர் எழுந்து உட்கார்ந்துவிட்டார், ஆனால் எழுந்து உட்கார்ந்ததே அவரைக் கொன்றுவிடும் போலிருந்தது.

செய்தவனைக் கையும் களவுமாகப் பிடித்து அத்தான் முன்னால் நிறுத்திவிட்டால் போதும், மயக்கம் தெளிந்துவிடும் என்று நினைத்தேன். முதல் சந்தேகம் பக்கத்துப் பால்பண்ணைக்காரர் மேல். வேலி விஷயத்தில் அத்தானுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். தொழுவத்தைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் நேராகப் போய்க் கேட்டேன். தண்ணீர்க் குழாயை என் கால் பக்கம் திருப்பாத குறை. மாட்டுக்குத் தீனி வைக்கவே நேரமில்லை, கோலம் போட நான் என்ன வேலையற்றவனா என்றார். நான் கிளம்பும்போது மட்டும் குரலை இறக்கி, வட்டத்துக்குள் போனால் மூட்டுவலிக்கும் கேட்குமா என்று விசாரித்தார். செய்தவன் இப்படிக் கேட்கமாட்டான் என்று அவரை விட்டுவிட்டேன்.

அடுத்துச் சிக்கியவர் மீட்டர்காரர். வட்டம் விழுந்த மறுநாளே, மோப்பம் பிடித்த மாதிரி வந்து வயலோரம் கூடாரம் அடித்தவர் அவர். எந்த நாட்டில் எந்த வயலில் வட்டம் விழுந்தாலும் போய்விடுவாராம். கையில் சக்தியை அளக்கும் மீட்டர் என்று ஒரு டப்பா, அது எதைப் பார்த்தாலும் கீச்சிடும். என் பக்கத்தில் கொண்டுவந்தார், டப்பா அலறியது. வட்டத்தின் சக்தி என் மேல் ஏறிவிட்டதாகச் சொன்னார். கைப்பையைத் திறந்து துணி வெட்டும் கத்திரிக்கோலை எடுத்துக் காட்டினேன். ஆமாம், இரும்புதான் சக்தியை நன்றாக இழுக்கும் என்றார். இவரோடு பேசி மாளாது என்று தெரிந்தது. ஆனால் ஆள் மோசக்காரர் இல்லை. தான் சொல்வதைத் தானே நம்புகிறவர். வட்டம் விழுந்த இரவு வேறொரு ஊரில் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தார் என்பதையும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அத்தான் அவரைத் தினமும் வீட்டுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கதை கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த மீட்டர்காரர்தான் பறக்கும் கேமராவால் மேலிருந்து படம் எடுத்து, பெரிதாக அச்சடித்து அத்தானுக்குக் கொடுத்தார். கூடத்தில் சோபாவுக்கு எதிரே அதை மாட்டினார்கள். நடுவில் பயிர் நிற்கும் சின்ன வட்டம் மையக்கண், நான்கு பக்கமும் பயிர் நிற்கும் குறுகலான பட்டைகள் நான்கு வாசல்கள், விளிம்பில் சின்னச் சின்ன முக்கோணங்கள் வால்நட்சத்திரங்கள் என்று விளக்கம் வேறு. அக்கா தேநீர்த் தட்டை வைத்துவிட்டு, படத்தைப் பார்க்காமல் சமையலறைக்குள் போய்விட்டாள்.

நான் படத்தைப் பார்த்தேன். இரண்டாம் தடவை பார்த்தேன். அப்போதுதான் பொறி தட்டியது.

தரையில் நின்று பார்த்தபோது மிதிபட்ட கோதுமை, அவ்வளவுதான். மேலிருந்து பார்த்தால் அது என் மேஜைக்குத் தினமும் வரும் சமாச்சாரம். குடைப் பாவாடை. விரித்துப் போட்டால் முழு வட்டமாகத் தெரியும், நான்கு துண்டாக வெட்டி இணைக்கிற குடைப் பாவாடை. அவர்கள் மையக்கண் என்றது இடுப்பு. வாசல்கள் என்றது, துண்டோடு துண்டை இணைக்க ஒவ்வொரு ஓரத்திலும் தையலுக்கு விடுகிற இடம். வெளிவிளிம்பில் இரட்டைக் கோடாக ஓடியது, உள்ளே தையல்கோடு, வெளியே வெட்டுக்கோடு. வால்நட்சத்திரங்கள் கத்திரிக்குறிகள். எந்தத் துண்டு எதோடு சேரும் என்று தைக்கிறவளுக்குத் தெரிவதற்காக வெட்டுகிறவள் ஓரத்தில் போடும் குறி. கோதுமையை யாரும் இணைத்துத் தைக்கப்போவதில்லை. வயலில் அந்தக் குறிக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் இரண்டு துண்டில் ஒற்றைக் குறி இருந்தது, இரண்டு துண்டில் இரட்டைக் குறி இருந்தது.

ஊர் முழுக்கச் சந்தேகப்பட்டவள் நான், என் பக்கத்து நாற்காலியை மட்டும் விட்டுவிட்டேன்.

மறுநாள் கடையில் அக்கா கோட்டுக்கு உள்துணி வெட்டிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்தி, மூடியிருக்கிறது என்கிற பலகையைத் திருப்பி மாட்டினேன்.

"முன்பக்கத்துக்கு ஒரு குறி, பின்பக்கத்துக்கு ரெண்டு குறி. வானத்துலேர்ந்து வந்தவங்களும் உங்கிட்டதான் வெட்டக் கத்துக்கிட்டாங்களாக்கா?"

கத்திரிக்கோல் பாதித் துணியில் நின்றது. அவள் முகத்தில் ஈயாடவில்லை. "குறியா போட்டேன்?" என்றாள். "கை தானா போட்டுடுச்சு போல."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். அத்தான் நாலைந்து நாள் வாயே திறக்காமல் கிடந்தாராம். ஒரு சாயந்திரம் டிவியில் இந்த வட்டங்களைக் காட்டியிருக்கிறார்கள். அவர் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, நம்ம வயலுக்கெல்லாம் இது எங்கே வரப்போகுது என்றாராம். அதுதான் அந்த வாரம் அவர் பேசிய ஒரே வார்த்தை. அக்கா கடையிலிருந்து துணி அடுக்கும் பலகையை எடுத்துப்போய், இரண்டு முனையிலும் கயிறு கட்டி, காலால் அழுத்தி அழுத்திப் பயிரைச் சாய்த்திருக்கிறாள். வட்டம் போடத் திரைச்சீலை நாடாவை முளையில் கட்டிக்கொண்டாளாம். கயிறு இழுத்தால் நீளும், நாடா நீளாது என்று அந்த நேரத்திலும் விளக்கம் சொன்னாள். எழுந்து பார்த்து ஆச்சரியப்படுவார், இரண்டு நாள் வெளியே நடப்பார், உடம்பில் தெம்பு வந்ததும் ஆபரேஷனுக்குக் கூட்டிப்போய்விடலாம் என்பது அவள் கணக்கு. அவர் ஆபரேஷனையே வேண்டாம் என்பார் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் நன்றாகத் திட்டினேன். கூடப்பிறந்தவள் என்றும் பார்க்காமல் திட்டினேன். அவர் கால் வீங்கிக்கொண்டு போகிறது, நீ தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாய் என்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கும் போன் வந்திருந்தது. இந்த வாரத்துக்குள் அவரைக் கொண்டுவந்து சேர்க்காவிட்டால் ஆபரேஷனுக்கு அவருக்கென்று ஒதுக்கிய இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். நான் மூச்சுவாங்க நிறுத்தியதும், "சொன்னா திரும்பச் சுவத்தப் பாத்துப் படுத்துருவார்டி. அப்புறம் எழுந்திருக்க மாட்டார்" என்றாள். அவள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் நடந்தது யாரும் திட்டம் போட்டது இல்லை. வீட்டுக்கும் வட்டத்துக்கும் நடுவே, சக்கரத் தடத்தில் அத்தான் நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. நானும் மீட்டர்காரரும் ஓடி நாற்காலி கொண்டுவந்து அவரைத் தூக்கி உட்காரவைத்தோம். ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறேன் என்று போனை எடுத்தேன். கூப்பிட்டால் ஏறமாட்டேன், பலவந்தமாக ஏற்றினால் அங்கே கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். வட்டத்துக்குள்ள போயிட்டா சரியாயிடும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்போது அக்கா அவர் முன்னால் வந்து நின்றாள்.

"அதை நான்தான் செஞ்சேன். வட்டத்தை."

அத்தான் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த அதிர்ச்சி இல்லை. சந்தேகம்தான் இருந்தது. என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லிக்கொடுத்தியா? என்னை ஆஸ்பத்திரிக்குத் தள்ளணும்னு ரெண்டு பேரும் சேந்து கட்டின கதையா?"

நான் கத்திரிக்குறியைச் சொன்னேன், இடுப்பைச் சொன்னேன், தையலுக்கு விடுகிற இடத்தைச் சொன்னேன். ஒன்றும் எடுபடவில்லை. உனக்கு எதைப் பார்த்தாலும் துணியாகத் தெரியும் என்றார். மீட்டர்காரர் வேறு எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுகிற மாதிரி, இத்தனை சுத்தமான விளிம்பை ஒற்றை ஆள் போட்டதாக உலகத்திலேயே சான்று இல்லை என்றார். அந்த மனிதரை அங்கேயே நாலு சாத்து சாத்தலாமா என்றிருந்தது எனக்கு. பொய்யை ஒரே இரவில் நம்பவைத்தாயிற்று, உண்மையை எப்படி நம்பவைப்பது என்றுதான் புரியவில்லை.

அக்கா கொட்டகைக்குப் போனாள். வைக்கோலுக்கு அடியிலிருந்து பலகையை இழுத்து வந்தாள். முளையை வயலுக்குள் அடித்து நாடாவைக் கட்டி இடுப்பில் சுற்றிக்கொண்டாள். சேதமாகாமல் நின்ற நல்ல பயிர் அது. அத்தான் "ஏய், என்ன பண்றே?" என்றார். அவள் காதில் வாங்கவில்லை. பலகையின் மேல் காலை வைத்து, கயிற்றைத் தூக்கிப் பிடித்து அழுத்தினாள். சரசரவென்று கோதுமை சாய்ந்தது. காலை எடுத்தாள், பலகையை முன்னால் நகர்த்தினாள், மறுபடி அழுத்தினாள்.

நான் போய்ப் பலகைக்குக் கைகொடுக்கலாமா என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். தலையை மட்டும் ஆட்டி வேண்டாம் என்றாள்.

வெயில் ஏறியது. அவளுக்கு முழங்கால் வலி உண்டு. கடையில் கொஞ்ச நேரம் நின்று வெட்டினாலே ஸ்டூலைத் தேடுவாள். இப்போது முகம் சிவந்து, முடி நெற்றியில் ஒட்டி, ஒவ்வொரு அழுத்தலுக்கும் தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது. வட்டம் நாலில் ஒரு பங்கு ஆனபோது விளிம்பு அங்கேயிருந்த வட்டத்தின் விளிம்பு மாதிரியே இருந்தது. அதே சுழற்சி, அதே சுத்தம். மீட்டர்காரர் டப்பாவை நீட்டிப் பார்த்தார், கீச்சிட்டது. இது மனிதர் போட்ட வட்டம், அது வேறு வகை என்று முணுமுணுத்துக்கொண்டே கூடாரத்தைப் பார்த்து நடையைக் கட்டினார். அவரை யாரும் நிறுத்தவில்லை.

அத்தான் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. அக்காவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை நாற்காலியின் பிடியை இறுக்கியிருந்தது. இப்போது எழுந்து வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாரோ என்று பயந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. அன்றைக்குச் சும்மா இருந்தேன்.

"போதும், நிறுத்து" என்றார். அக்கா நிறுத்தவில்லை. "நிறுத்துன்னு சொல்றேன்ல. கால் வலிக்கும்."

பலகையிலிருந்து காலை எடுத்தவள் அப்படியே சாய்ந்த கோதுமை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ராத்திரி தனியாவா செஞ்சே?" என்று கேட்டார். குரல் வேறு மாதிரி இருந்தது.

"ஆமா."

"உனக்கு இருட்டுன்னா ஆகாதே. கொட்டகைக்குப் போகவே என்னைக் கூப்பிடுவியே."

"பயமாத்தான் இருந்துச்சு." அக்கா புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க மூச்சு விடுறீங்களான்னு கேட்டுக்கிட்டே பக்கத்துல படுத்திருக்கறது அதைவிடப் பயமா இருந்துச்சு."

அத்தான் சாய்ந்து கிடந்த கோதுமையைப் பார்த்தார். அழுகிறாரா, கோபப்படுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"எனக்காக யாரோ வந்தாங்கன்னு நெனச்சேன்" என்றார்.

"வந்தேனே" என்றாள் அக்கா. "நான்தான் வந்தேன்."

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தாங்கப் போன என்னை விலக்கிவிட்டு, சாய்ந்த பயிரின் மேல் அடி மேல் அடி வைத்து அவளிடம் போய்க் கையை நீட்டினார். அவளைத் தூக்க அவரிடம் பலமில்லை, எழுந்திருக்க அவளிடமும் பலமில்லை. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார்கள். பிறகு அவர் தலையைத் திருப்பாமலே என்னிடம் சொன்னார்.

"உன் காரை எடு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."